பனிக்கட்டியில் தத்தளிப்பவர்களுக்கான விதி

நந்தனத்தில் எங்கள் அலுவலகம் இருப்பது பலருக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது என்று நாங்களும் போர்டை வேப்பமரத்துக்குப் பின்னால் மாட்டியிருக்கிறோம். 'உறைநிலை விளையாட்டுகள் மேம்பாட்டு அலுவலகம்' என்பது முழுப் பெயர். சென்னை வெயில் நூற்றைந்தைத் தொட்ட ஒரு மே மாதத்தில் அது தொடங்கப்பட்டது. உதவி இயக்குநர் பஞ்சாட்சரம் சார், இளநிலை உதவியாளர் மதிவாணனாகிய நான், இரண்டு மின்விசிறிகள் ஆகியோர் பணியில் இருக்கிறோம். மின்விசிறிகளில் ஒன்று நீண்ட விடுப்பில் இருக்கிறது.

போன வருடம் டெல்லியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. தங்கள் மாநிலத்தில் பனி ஹாக்கிக்கு விதிமுறைகள் உள்ளனவா, உள்ளன எனில் இன்று மாலை ஐந்து மணிக்குள் அனுப்பவும் என்று இருந்தது. நான் அதைத் திறந்தபோது மணி மூன்றரை.

"இல்லைன்னு எழுதிடலாமா சார்?" என்றேன்.

"இல்லைன்னா ஏன் இல்லைன்னு கேப்பான்யா. இருக்குன்னு சொன்னா ஒண்ணும் கேக்க மாட்டான்" என்றார் பஞ்சாட்சரம் சார். முப்பத்தோரு வருட சர்வீஸ் சும்மாவா? "நீச்சல் குளத்து விதி ஒரு காப்பி இருக்கில்ல, அதை எடு. நீச்சலும் தண்ணி, ஐஸும் தண்ணி. இது கொஞ்சம் கெட்டி. அவ்வளவுதான் வித்தியாசம்."

எடுத்தேன். நீச்சல் என்று வந்த இடமெல்லாம் பனி ஹாக்கி என்று திருத்தினேன். தண்ணீர் என்று வந்த இடமெல்லாம் பனிக்கட்டி என்று திருத்தினேன். ஒரு இடம் விடவில்லை. வேலை என்று உட்கார்ந்தால் நான் சுத்தம். நாலு ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினோம். ஐந்து மணிக்கு, மிகச் சிறப்பாக உள்ளது என்று பதில் வந்தது.

இப்படியாக இந்த மாநிலத்தில் பனி ஹாக்கிக்குச் சட்டம் பிறந்தது. பனிக்கட்டியின் ஆழம் ஒரு பக்கம் மூன்றரை அடியும் மறுபக்கம் ஏழு அடியும் இருக்க வேண்டும். பனிக்கட்டியில் இறங்குமுன் ஆட்டக்காரர் குளித்திருக்க வேண்டும், தலைக்கு ரப்பர் தொப்பி போட்டிருக்க வேண்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். பனிக்கட்டிக்குள் எச்சில் துப்பக் கூடாது. அடித்தளம் கண்ணுக்குத் தெரியும்படி பனிக்கட்டி தெளிவாக இருக்க வேண்டும். சான்று கேட்பவர் பனிக்கட்டியில் ஐந்து நிமிடம் மிதந்து காட்ட வேண்டும். விசிலும் காற்றடைத்த ரப்பர் வளையமும் கொண்ட உயிர்காப்பாளர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். விதி பதினேழு: ஆட்டக்காரர் பனிக்கட்டியில் தத்தளித்தால் உயிர்காப்பாளர் யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் உடனே உள்ளே இறங்க வேண்டும்.

இதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. ஏனென்றால் பனி ஹாக்கி ஆடுபவர் யாரும் இங்கே கிடையாது. அப்படித்தான் இந்த வருடம் ஏப்ரல் வரை நினைத்திருந்தோம்.

ஏப்ரலில் பொன்மணி வந்தாள். இருபது வயது இருக்கும். தோளில் அவளைவிடப் பெரிய பை. அடையாற்றங்கரையில் குடிசையில் பிறந்து, குடிசையை எடுத்தபோது பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்டவள். பெசன்ட் நகர் கடற்கரையில் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குச் சக்கர ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுக்கும் ஒருவரிடம் ஷூ எடுத்துக் கொடுக்கும் வேலை பார்த்திருக்கிறாள். பிள்ளைகள் போன பிறகு அந்த ஷூவைத் தானே மாட்டிக்கொண்டு கற்றிருக்கிறாள். யாரோ ஒரு ராணுவப் பயிற்சியாளர் பார்த்துவிட்டு லடாக்குக்கு வரச் சொல்ல, மூன்று குளிர்காலம் அங்கே போய் கோல்கீப்பராக நின்றிருக்கிறாள்.

"சார், இண்டியா டீமுல என்னிய எடுத்துக்கிறாங்க. ஜூன்ல பிஷ்கெக்னு ஒரு வெளிநாட்டு ஊர்ல மேட்ச்சு. உங்க ஆபீஸ்ல ஒரு சர்டிபிகேட் வாங்கினு வரச் சொன்னாங்க. மே முப்பதுக்குள்ள குடுக்கலன்னா பேரு போய்டுமாம்."

நாங்கள் மேம்படுத்த வேண்டிய விளையாட்டை உண்மையிலேயே ஆடத் தெரிந்த ஒருவர் எங்கள் அலுவலகத்துக்குள் வருவது அதுவே முதல்முறை. பஞ்சாட்சரம் சாருக்கு வியர்த்துவிட்டது. அவர் விதிப் புத்தகத்தை எடுத்து மிதக்கும் பகுதியை அவளுக்குப் படித்துக் காட்டினார்.

"ஐஸ்ல எப்டி சார் மிதக்கறது? நிக்கத்தான முடியும்?"

"நிக்கிறது நீ சொல்றதும்மா. இதுல மிதக்கணும்னுதான் இருக்கு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஐஸு தண்ணில மிதக்கும்ல சார்? நான் ஐஸ் மேல நின்னா நானும் மிதந்த மாதிரிதான?"

பஞ்சாட்சரம் சார் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினார். "தண்ணியா? இதுல தண்ணிங்கிற வார்த்தையே கிடையாதே" என்றார்.

ஆனாலும் அவர் மனிதாபிமானி. நேரில் வந்து ஆய்வு செய்வதாக ஒப்புக்கொண்டார். களத்துக்கு ஏற்பாடு செய்வது விண்ணப்பதாரரின் பொறுப்பு.

சைதாப்பேட்டை மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஐஸ் பேக்டரி வைத்திருக்கும் அப்துல் வஹீத் பாயிடம் அவள் போய் நின்றாள். அவர் மீனுக்குப் போக வேண்டிய ஐஸ் பாரில் அறுபதை நிறுத்தி வைத்து, பின்பக்கத்து முற்றத்தில் தார்ப்பாய் நிழலில் காலை ஒன்பது மணிக்கு வரிசையாக அடுக்கினார். இடுக்குகளில் உடைத்த ஐஸைக் கொட்டி மட்டம் செய்தார். ஆய்வு நேரம் பத்து மணி.

நான் ஒன்பதரைக்கே போய்விட்டேன். பொன்மணி குளித்து, ரப்பர் தொப்பி போட்டு, காலில் கத்தி வைத்த ஷூவோடு அந்த ஐஸ் மேல் ஏறினாள். அறுபது பார் என்பது ஒரு கல்யாண மேடை அளவுகூட இருக்காது. அதற்குள் அவள் பக்கவாட்டில் போனாள், சட்டென்று நின்றாள், முழங்காலில் விழுந்து எழுந்தாள், பின்பக்கமாகவே வழுக்கிப் போனாள். மீன்காரப் பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்தார்கள். நான் இந்த வேலைக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. எனக்கு என் வேலை எதற்காக இருக்கிறது என்று அந்தக் கால் மணி நேரம் மட்டும் தெரிந்தது. அதைச் சொல்லாவிட்டால் மனசு ஆறாது.

பஞ்சாட்சரம் சார் கோடைகால முன்னெச்சரிக்கைக் கூட்டம் ஒன்றை முடித்துக்கொண்டு பன்னிரண்டு நாற்பதுக்கு வந்தார். அதற்குள் முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. பொன்மணி அதன் நடுவில் ஷூவோடு நின்றிருந்தாள்.

"இன்னா சார் இது? பத்து மணின்னீங்க. ஐஸுக்கு ஆபீஸ் டைம்லாம் தெரியாது சார், அது பாட்டுக்கு உருகும்" என்றார் வஹீத் பாய்.

"உருகாத ஐஸா வெச்சிருக்கணும் பாய்" என்று பஞ்சாட்சரம் சார் அன்பாகவே சொன்னார்.

அறிக்கையை நான்தான் தட்டச்சு செய்தேன். 'ஆய்வின்போது களத்தில் தண்ணீர் மட்டுமே காணப்பட்டது. தண்ணீர் குறித்து விதிகளில் ஏதும் கூறப்படாததால் விண்ணப்பம் நிலுவையில் வைக்கப்படுகிறது.'

மீன்காரப் பெண்களில் ஒருத்தி செல்போனில் எடுத்த படம் எப்படியோ பரவி, ஞாயிற்றுக்கிழமை பேப்பரோடு வரும் பகுதிப் பத்திரிகையில் அரைப் பக்கத்துக்கு வந்தது. அதைப் படித்துவிட்டு அடையாறும் மயிலாப்பூரும் தி.நகரும் பொங்கி எழுந்தன. அந்தப் பெண்ணுக்கு ஏன் சான்று தரவில்லை என்று கேட்டு அல்ல. கல்லூரிச் சேர்க்கையில் விளையாட்டு ஒதுக்கீடு என்று ஒன்று இருக்கிறதே, அதில் பனி ஹாக்கி உண்டா என்று கேட்டு.

உண்டு. விதிமுறை உள்ள விளையாட்டுகள் எல்லாம் பட்டியலில் உண்டு. கிரிக்கெட்டில் ஒரு இடத்துக்கு ஆயிரம் பேர் அடித்துக்கொள்ளும் ஊரில் பனி ஹாக்கியில் போட்டிக்கு ஆளே இல்லை. எங்கள் தொலைபேசி அன்றுதான் முதல்முறையாக அடித்தது. அதற்கு அப்படி ஒரு சத்தம் உண்டு என்பதே எங்களுக்குத் தெரியாது.

"எங்காத்துக் கொழந்தைக்கு சைனஸ் இருக்கு" என்றார் மயிலாப்பூரிலிருந்து ஓர் அம்மாள். "ஐஸை லேசா சூடு பண்ணிண்டு வெளையாடலாமோன்னோ?"

விதியில் தடை ஏதும் இல்லை என்றேன்.

தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அய்யாதுரை அண்ணாச்சி மற்றவர்களைப் போலப் போனில் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. நேரில் வந்து விதிப் புத்தகத்தை ஒரு நகல் வாங்கிப் போனார். பத்தே நாளில் கடையின் நாலாவது மாடியில், பழைய ஸ்டாக் வைக்கும் இடத்தில் 'தென்னக ஐஸ் ஹாக்கி அகாடமி' எழும்பிவிட்டது. வெள்ளை டைல்ஸ் பதித்த பெரிய தொட்டி. ஒரு பக்கம் மூன்றரை அடி, மறுபக்கம் ஏழு அடி. ஏசி பதினாறில் ஓடியது. பிள்ளைகள் வாசலில் குளித்து, தொப்பி போட்டு, காலுறையோடு டைல்ஸில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வழுக்கினார்கள். கீழே தரைத்தளத்தில், அக்னி நட்சத்திரத்தில், கம்பளி ஸ்வெட்டர் விற்றுத் தீர்ந்தது. பாண்டி பஜாரில் ஸ்வெட்டரும் மஃப்ளரும் போட்டுக்கொண்டு இளநீர் குடிப்பது அந்த மாதம் கௌரவமாகிவிட்டது.

பஞ்சாட்சரம் சார் ஆய்வுக்குப் போனார். நேரத்துக்கே போனார், ஏசி இருந்ததால்.

"எல்லாம் சரியா இருக்கு அண்ணாச்சி. பனிக்கட்டி எங்கே?"

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீக? அடித்தளம் கண்ணுக்குத் தெரியணும்னுதானே போட்டிருக்கீக. தெரியுதா, தெரியலையா?"

"நல்லாத் தெரியுதே."

"அப்போ ஐஸு அம்புட்டுத் தெளிவா இருக்குன்னுதானே அர்த்தம்?"

பஞ்சாட்சரம் சார் குனிந்து பார்த்தார். இவ்வளவு தெளிவான பனிக்கட்டியைத் தம் பணிக்காலத்தில் கண்டதில்லை என்று அறிக்கையில் எழுதச் சொன்னார். மிதக்கும் தேர்வுக்குப் பிள்ளைகள் தொட்டியில் மல்லாந்து படுத்தார்கள். ஐந்து நிமிடம் ஆகியும் ஒருவர்கூட மூழ்கவில்லை. மே இருபதுக்குள் நானூற்றுப் பன்னிரண்டு பேர் சான்றிதழ் வாங்கிவிட்டார்கள்.

அதில் முதல் சான்றிதழ் என் மகள் ஷண்முகப்ரியாவுடையது. மறைப்பானேன்? பிளஸ் டூ முடித்திருந்தாள். கட் ஆஃப் கொஞ்சம் இடித்தது. அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள். "எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதுப்பா" என்று அழுதாள். பேசாமல் மிதக்கச் சொன்னேன். 'ஆடும் இடம்' என்ற கட்டத்தில், ஓட வேண்டியதில்லை, ஒரே இடத்தில் நின்றால் போதும் என்பதால், 'கோல்கீப்பர்' என்று நானே எழுதினேன். கவுன்சிலிங்கில் கேட்ட கல்லூரி கிடைத்துவிடும் போலிருந்தது. வீட்டில் கேசரி செய்தோம்.

மே முப்பதாம் தேதி பொன்மணியின் விண்ணப்பம் நிலுவையிலேயே இருந்தது. முப்பத்தொன்றாம் தேதி டெல்லியிலிருந்து கடிதம் வந்தது. அணியின் ஒரு கோல்கீப்பருக்கு மணிக்கட்டு உடைந்துவிட்டது, தங்கள் மாநிலத்தின் பொன்மணிக்குச் சான்று வரவில்லை, எனவே சான்று பெற்ற வேறு கோல்கீப்பர் இருந்தால் உடனே அனுப்பவும்.

"இருக்காங்களே!" என்று பஞ்சாட்சரம் சார் துள்ளினார். பட்டியலைத் திறந்தார். நானூற்றுப் பன்னிரண்டு பேரில் கோல்கீப்பர் என்று இருந்தது ஒருவர்தான். "மதிவாணன், உமக்குக் கொடுத்து வெச்சிருக்குய்யா. உம்ம பொண்ணு இந்தியாவுக்கு ஆடப் போறா."

சான்றிதழ் பொய் என்றால் சீட்டும் போகும், என் வேலையும் போகும். மெய் என்றால் மகள் பிஷ்கெக் போக வேண்டும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்ததில் பிஷ்கெக்தான் பத்திரம் என்று பட்டது. அதோடு விதிப்படி ஆட்டக்காரருடன் ஓர் உயிர்காப்பாளர் போக வேண்டும். அந்த வேலைக்கு விசிலும் வளையமும் தவிர வேறு தகுதி எதுவும் கேட்கப்படவில்லை.

பெரும்பாக்கத்தில் ஐந்து மாடி ஏறி பொன்மணியின் வீட்டுக்கதவைத் தட்டினேன். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்க எனக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

"என் எடத்துல உங்க பொண்ணு நிக்கப் போவுது. அத்த பாத்துக்க நான் வரணும். அதான சார்?"

"ஆமாம்மா."

"ஐஸ் பக்கத்துல நிக்கலாமா?"

"பக்கத்துலயே நிக்கலாம்."

"அப்ப வர்ரேன் சார்." உள்ளே போய் அந்தப் பெரிய பையை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். மார்க்கவசம், கால் தட்டிகள், முகமூடி எல்லாம் இருந்தது. "இத்த பாப்பாவுக்குப் போட்டுவுடுங்க. அந்த ரப்பர் வில்லை மூஞ்சில பட்டா பல்லு பூடும். பாவம், அதுக்கு இன்னா தெரியும்?"

நான் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். வழியில் இரண்டு முறை உட்கார வேண்டியிருந்தது.

ஆட்டத்தை அலுவலகக் கணினியில் நானும் பஞ்சாட்சரம் சாரும் பார்த்தோம். முதல் இருபது நிமிடத்தில் ஒன்பது கோல் வாங்கினோம். ஷண்முகப்ரியா கோல் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரப்பர் வில்லை எந்தப் பக்கம் வந்தாலும் கண்ணை மூடினாள். பத்தாவது கோலில் கை வழுக்கிக் கீழே விழுந்தாள். எழ முயன்றாள், மறுபடி விழுந்தாள். அப்புறம் எழவே முயலாமல் அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அவள் முகமூடிக்குள் அழுவது எனக்கு இங்கே தெரிந்தது.

அப்போது ஒரு விசில் சத்தம் கேட்டது. ஆட்டம் நின்றது. ஒரு ரப்பர் வளையம் பனிமேல் வழுக்கிக்கொண்டு வந்து என் மகளுக்குப் பக்கத்தில் நின்றது. பின்னாலேயே பொன்மணி வந்து அவளைத் தூக்கி, வளையத்தில் உட்காரவைத்து, இழுத்துக்கொண்டு வெளியே போனாள். ஐந்து நிமிடத்தில் அதே கவசத்தை மாட்டிக்கொண்டு திரும்பி வந்து கோலுக்கு முன் நின்றாள். அணிப் பட்டியலில் அவள் பெயரை அடிக்க டெல்லியில் யாரோ மறந்திருந்தார்கள். மறதியாலும் நாட்டுக்கு நல்லது நடக்கும்.

அதன்பிறகு கோலை நோக்கி முப்பத்தோரு அடி அடித்தார்கள். ஒன்றுகூட உள்ளே போகவில்லை. மீன் மார்க்கெட் முற்றத்தில் பார்த்த அதே முழங்கால், அதே பக்கவாட்டு ஓட்டம். பத்துக்கு மூன்று என்று தோற்றோம். அடுத்த இரண்டு ஆட்டத்திலும் அவள்தான் நின்றாள், இரண்டிலும் ஜெயித்தோம். பஞ்சாட்சரம் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

கண்ணைத் துடைத்த கையோடு அவர் மெமோ ஒன்று எழுதச் சொன்னார்.

"எதுக்கு சார்?"

"உயிர்காப்பாளரா அனுப்பிச்ச ஆளு ஆட்டக்காரரா ஆடியிருக்கு. சான்று இல்லாத ஆளு. நாளைக்கு ஆடிட்ல கேட்டா யார்யா பதில் சொல்றது?"

மீனம்பாக்கம் விமான நிலையத்தில் தாரை தப்பட்டையோடு வரவேற்பு நடந்தது. எங்கள் பதிவேட்டின்படி கோல்கீப்பர் ஷண்முகப்ரியாதான் என்பதால் முப்பத்தோரு அடியைத் தடுத்ததும் அவள்தான். பொன்னாடை, அண்ணாச்சி கடை ஸ்வெட்டர், ஆளுயர மாலை எல்லாம் அவளுக்குப் போட்டார்கள். நானூற்றுப் பதினோரு பெற்றோரும் கை வலிக்கத் தட்டினார்கள். பொன்மணி ஓரமாக ரப்பர் வளையத்தோடு நின்றாள். அவள் கையில் மெமோவை நான் கொடுத்தேன். உயிரைக் காக்க அனுப்பப்பட்ட தாங்கள் கோலைக் காத்தது ஏன் என்பதற்குப் பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் தரவும், தவறினால் இரண்டு ஆண்டுகள் விண்ணப்பிக்கத் தடை.

மறுநாளே அவள் பதில் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரே வரி. 'விதி பதினேழு, ஆட்டக்காரர் தத்தளித்தார், இறங்கினேன்.'

பஞ்சாட்சரம் சார் அதை மூன்று முறை படித்தார். "பொண்ணு கெட்டிக்காரி. இதை ஏத்துக்கலாம். தத்தளிச்ச ஆளு, ஆமா நான் தத்தளிச்சேன்னு அந்தப் பதினஞ்சு நாளுக்குள்ள ஒரு கடிதம் கொடுத்தா போதும். ஃபைலை முடிச்சிடலாம். அவளுக்குச் சான்றும் கொடுத்துடலாம்" என்றார்.

அன்று வீட்டுக்குப் போய் நான் வாயே திறக்கவில்லை. ஆனால் பொன்மணி என் மகளிடம் போனில் சொல்லியிருக்கிறாள். காலையில் சாப்பாட்டு டப்பாவோடு ஒரு கடிதத்தையும் ஷண்முகப்ரியா என்னிடம் நீட்டினாள். 'எனக்கு ஸ்கேட்டிங் தெரியாது. நான் தத்தளித்தேன். பொன்மணி அக்கா என்னைக் காப்பாற்றினார்' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள்.

"ஃபைல்ல வெச்சிடுங்கப்பா" என்றாள்.

"சரிம்மா" என்றேன்.

எனக்கு ஸ்கேட்டிங் தெரியாது என்ற அந்த முதல் வரிதான் இடைஞ்சல். அடுத்த வாரம் கவுன்சிலிங். கடிதத்தை என் மேசையின் இடது இழுப்பறையில், அடியில் வைத்தேன். கவுன்சிலிங் முடிந்ததும் எடுத்து ஃபைலில் சேர்த்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கேட்ட கல்லூரி கிடைத்தது. அப்புறம் சான்றிதழ் சரிபார்ப்பு என்றார்கள். அது முடிவதற்குள் பதினைந்து நாள் ஆகிவிட்டது.

பதினாறாம் நாள் பொன்மணி வந்தாள். தடை உத்தரவு என் முன்னால் கையெழுத்தாகிக் கிடந்தது.

"பாப்பா லெட்டரு குட்த்துச்சா சார்?"

"இன்னும் வரலையேம்மா."

என் இடது கை இழுப்பறை மேல் இருந்தது. "பரவால்ல சார். சின்னப் பொண்ணு, காலேஜ் சேர்ற அவசரத்துல மறந்துருக்கும். அத்த ஒண்ணியும் திட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு, தடை உத்தரவைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

இரண்டு வருடம் கோல் முன்னால் நிற்காத கோல்கீப்பரை யாரும் மறுபடி கூப்பிட மாட்டார்கள். அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். இப்போது அண்ணாச்சியின் அகாடமியில் உயிர்காப்பாளர் வேலை பார்க்கிறாள். காலுறையில் வழுக்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, கழுத்தில் விசிலோடு டைல்ஸ் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

கடிதம் இன்னும் என் இழுப்பறையில்தான் இருக்கிறது. இப்படியும் ஒரு மனிதனா என்று நீங்கள் பல்லைக் கடிப்பது எனக்குப் புரிகிறது. கடியுங்கள், எனக்கு வேண்டியதுதான். ஆனால் போன வாரம் மூன்று முறை போன் செய்து, அடுத்த பேட்சுக்கு விண்ணப்பப் படிவம் எப்போது தருவீர்கள் என்று கேட்டீர்களே, அது திங்கட்கிழமை வந்துவிடும். பையனுக்குக் கோல்கீப்பர் என்று மட்டும் போடாதீர்கள்.